திருப்பூரில் இருந்த அம்மா

போன மாதம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு புது அறை திறந்தார்கள். தீக்காயம் பட்டவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மனநல ஆலோசனை கொடுக்கும் அறை. ஓய்வு பெற்ற நர்ஸ் என்று என்னையும் கூப்பிட்டு சால்வை போட்டார்கள். மேடையில் பேசிய ஒருவர், இந்த மலையில் இத்தனை வருடமும் காயத்துக்கு மருந்து போட ஆள் இருந்தார்கள், மனதைக் கவனிக்கத்தான் யாரும் இல்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

அறையைக் குறை சொல்லவில்லை. அதில் வேலைக்கு வந்திருக்கும் பெண்ணும் நல்ல பெண். விழா முடிந்ததும் அவளே என்னிடம் வந்து, "நீங்கல்லாம் அப்ப என்னதான் சிஸ்டர் செஞ்சீங்க?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். எனக்கு நாசூக்காக எழுத வராது.

நான் தோட்டத்துப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் இலங்கையிலிருந்து திரும்பி வந்து இங்கே கொழுந்து பறித்தவர்கள். லயத்தில், அதாவது தோட்டத்தின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தேன். கோயம்புத்தூரில் நர்ஸ் படிப்பு முடித்து குன்னூருக்கு வந்து, பாதிப் பேர் வேண்டாம் என்று ஒதுங்கிய தீக்காய வார்டில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். வேறு வார்டு கொடுத்தபோதும் போகவில்லை.

அந்த வார்டுக்குத் தலைமை நர்ஸ் ஞானசுந்தரி சிஸ்டர். குட்டையான உருவம், தடித்த கண்ணாடி. கோபம் வந்தால் குரல் தாழும். நாங்கள் அதற்குத்தான் பயப்படுவோம். டாக்டரிலிருந்து கூட்டுகிற அம்மா வரை எல்லோரையும் "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவார். நினைவில்லாமல் கிடக்கிற நோயாளியிடமும், "ஏனுங்க, போர்வையை எடுக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். நினைவில்லாதவர் எப்படிப் பதில் சொல்வார் என்று ஒரு தடவை கேட்டேன். பதில் வருவதற்காகக் கேட்கவில்லை, கேட்கிற பழக்கம் நமக்கு விட்டுப் போகக் கூடாது என்றார்.

வார்டுக்கு வருகிற புது நர்ஸுக்கு அவர் வைக்கும் முதல் வேலை, எந்த வேலையும் செய்யாமல் இருப்பதுதான். இரண்டு கைகளிலும் விரல் தெரியாமல் கட்டுப் போட்டு, ஒரு பகல் முழுக்க வார்டில் உட்கார வைத்துவிடுவார். மூக்கு அரிக்கும், சொறிய முடியாது. மத்தியானம் சோற்றுத் தட்டு முன்னால் இருக்கும், யாராவது ஊட்டிவிட்டால்தான் உண்டு. நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது எதிர்க் கட்டிலில் இருந்த ஒரு பெண், "ஏன் சிஸ்டர், பாத்ரூம் போகணும்னா என்னைக் கூப்பிடுங்க, நான் சீனியர்" என்றாள். வார்டே சிரித்தது. அவள் கையிலும் அதே கட்டு. அன்று நான் படித்ததைக் காலேஜில் யாரும் சொல்லித் தரவில்லை.

எங்களுக்குச் சில வார்த்தைகள் தடை. "ஒண்ணுமில்லை" என்று சொல்லக் கூடாது. வெந்து கிடப்பவளிடம் ஒன்றுமில்லை என்றால் அதற்குப் பிறகு நீ சொல்லும் எதையும் அவள் நம்பமாட்டாள். "எப்படி ஆச்சு?" என்று நர்ஸ் கேட்கக் கூடாது. அதைக் கேட்க டாக்டரும் போலீஸும் இருக்கிறார்கள், அவர்கள் போதாதென்று வாசல் வரை சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். "வலிக்காது" என்றும் சொல்லக் கூடாது. வலிக்கும், இவ்வளவு நேரம் வலிக்கும், நிறுத்தச் சொன்னால் நிறுத்தி ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடர்வேன் என்று சொல்ல வேண்டும். சொன்னபடி நிறுத்தவும் வேண்டும்.

முகம் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. வார்டில் கண்ணாடி தொங்காது. அது மட்டும் போதாது. எவர்சில்வர் டம்ளரில் முகம் தெரியும், அதனால் பிளாஸ்டிக் டம்ளர்தான். சாயங்காலம் வெளியே இருட்டி உள்ளே விளக்குப் போட்டால் ஜன்னல் முழுக்கக் கண்ணாடியாகிவிடும், அதனால் விளக்குப் போடும் முன் திரையை இழுத்துவிட வேண்டும். அவர்கள் என்றைக்குமே பார்க்கக் கூடாது என்பதில்லை, எதிர்பாராமல் பார்க்கக் கூடாது. நோயாளி தானாகக் கண்ணாடி கேட்கும்வரை காத்திருப்போம். கேட்டதும் கொடுக்கமாட்டோம். முதலில் அவர்கள் கையாலேயே முகத்தைத் தடவச் சொல்வோம். நெற்றி எப்படி இருக்கிறது, கன்னம் எங்கே மேடாக இருக்கிறது என்று விரல் தெரிந்துகொள்ளட்டும். அடுத்த நாள் ஞானசுந்தரி சிஸ்டர் தன் அலமாரியைத் திறந்து கைக்கண்ணாடியை எடுத்து வருவார். முதலில் தீ படாத இடம். ஒரு காதாக இருக்கலாம், கண்ணாக இருக்கலாம். பிறகு மெதுவாகத் திருப்ப வேண்டும். நோயாளியே பிடித்துத் திருப்ப வேண்டும். பார்த்து முடிக்கும்வரை பக்கத்தில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அழுதால் அழட்டும். "அழாதே" என்பதும் எங்களுக்குத் தடைதான்.

இதையெல்லாம் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று எங்களுக்குத் தெரியாது. வேலை என்று கூப்பிட்டோம்.

தேயிலை விலை விழுந்த வருடங்களில் வார்டு நிரம்பி வழிந்தது. பச்சைத் தேயிலையை வாங்க ஆளில்லாமல் இத்தலார் பக்கமெல்லாம் செடிகள் மரமாக வளர்ந்து நின்றன. தோட்டங்களில் வாரத்துக்குப் பாதி நாள்கூட வேலையில்லை. பேக்டரி புகைபோக்கியில் புகை வரவில்லை. லயத்தில் வீட்டுக்கு ஒருவராவது திருப்பூருக்குப் போய்விட்டார்கள், பனியன் கம்பெனி வேலைக்கு. மிச்சமிருந்தவர்களில் சிலர் தங்கள் மேலேயே மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டார்கள். அதனால் விபத்தில் வெந்து வந்தவர்களையும் யாரும் நம்பவில்லை. ஸ்டவ் வெடித்தது என்று ஒருத்தி சொன்னால் பார்க்க வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டு வராந்தாவில் போய் வேறு கதை பேசுவார்கள். அப்படிப் பேசியவர்களை நான் வெளியே துரத்தியிருக்கிறேன். ஒருத்தி தானே ஊற்றிக்கொண்டு வந்திருந்தாலும் உங்களுக்கென்ன? அவளுக்கு வேண்டியது சுத்தமான கட்டும் பக்கத்தில் ஒரு ஆளும். உங்கள் தீர்ப்பு வேண்டியதில்லை. என் வாய்க்குப் பயந்து பார்வை நேரத்தில் கூட்டம் குறைந்தது. அதுவும் நல்லதுதான்.

அந்தச் சமயத்தில் வந்தவள்தான் விஜயா. மஞ்சூருக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். அவளுடைய தோட்டத்தில் வேலை நின்றுபோய், பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் கூலிக்குப் பறித்துக்கொண்டிருந்தாள். பறிக்கிற பெண்கள் பனியில் சேலை நனையாமலிருக்க இடுப்பில் படங்கு கட்டுவார்கள். முன்பு சாக்கு, பிறகு பிளாஸ்டிக் தாள். ஒரு மழை நாளில் விறைத்துப்போய் வீட்டுக்கு வந்தவள், படங்கை அவிழ்க்காமல் அடுப்பு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குளிர் காய்ந்திருக்கிறாள். பிளாஸ்டிக் பற்றிக்கொண்டது. அதிலிருந்து நைலான் சேலைக்கும் கம்பளிச் சட்டைக்கும் ஏறிவிட்டது. கையால் அடித்து அணைக்கப் பார்த்ததில் இரண்டு கையும் போயிற்று. முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் வெந்து, புகை உள்ளே போய்க் குரலும் கட்டிப்போயிற்று. நான் லயத்தில் வளர்ந்தவள். நாங்கள் எல்லோரும் அப்படி உட்கார்ந்து குளிர் காய்ந்தவர்கள்தான். அதனால் அவள் சொன்னதை நான் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை.

மாதக்கணக்கில் கிடந்தாள். தொடையிலிருந்து தோல் எடுத்து முகத்திலும் கையிலும் வைத்தார்கள். முடியை மழித்திருந்தோம். மற்றவர்களைவிடச் சீக்கிரமாகவே கண்ணாடி கேட்டாள். பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். "சரி, ஆளு உயிரோட இருக்கேன்" என்றாள், கரகரத்த குரலில். அவளுக்கு ஒரே கவலைதான், வீட்டில் விட்டுவந்த மகள். பள்ளிக்கூடம் சேர்க்கும் வயது, சுமதி என்று பேர். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடுவதில்லை. அதனால் விஜயாவின் புருஷன் ராஜு வரும்போதெல்லாம், பிள்ளைக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று ஞானசுந்தரி சிஸ்டர் கேட்பார். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறோம் என்பான் அவன். நல்லவன். அடுப்புக்கு விறகு தள்ளிய பேக்டரி ஆள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பை எப்படி அழுத்தித் தேய்ப்பது என்று நாங்கள் காட்டியதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டான். அவனை நம்பி அவளை வீட்டுக்கு அனுப்பினோம்.

வீட்டுக்குப் போனவர்களை ஒரு தடவையாவது போய்ப் பார்ப்பது எங்கள் வார்டின் வழக்கம். ஆஸ்பத்திரி சொன்னதில்லை, ஞானசுந்தரி சிஸ்டர் வைத்த வழக்கம். விஜயா வீட்டுக்கு நான் போனேன். மஞ்சூரில் இறங்கி, தேயிலைக்குள் சரிவில் நடந்து லயத்துக்குப் போனால் பாதிக் கதவுகளில் பூட்டு. விஜயா வீட்டில் ஒரு சிறுமி எனக்குப் பலகை எடுத்துப் போட்டாள். உள்ளே போய்த் தேத்தண்ணி வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். சிந்தவில்லை. எனக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. அந்த வயதில் அத்தனை அடக்கம் ஆகாது.

அவள் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "பெரியம்மாவுக்கு மூஞ்சியில காயம் சிஸ்டர். நாங்க சத்தம் போடக் கூடாது" என்றாள்.

"எந்தப் பெரியம்மா?"

அடுப்படியைக் காட்டினாள். அங்கே விஜயா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"உங்க அம்மா எங்கே?"

"திருப்பூர்ல. பனியன் கம்பெனி. லீவு கெடைச்சதும் வருவாங்க. இந்தக் கவுன் அவங்க அனுப்புனது."

சுமதியை, அவளைப் பார்த்துக்கொள்ள அங்கே இருந்த ராஜுவின் அக்காவோடு தண்ணீர் பிடிக்க அனுப்பிவிட்டு விஜயாவிடம் கேட்டேன். அவள் திரும்பாமலே சொன்னாள். வந்த அன்று பிள்ளை அவளைப் பார்த்ததும் அத்தை முந்தானைக்குள் ஓடியிருக்கிறாள். மழித்த தலை, வேறு முகம், வேறு குரல். யார் அத்தை இது என்று கேட்டிருக்கிறாள். அத்தைக்கு வாயில் வந்தது பெரியம்மா. விஜயாவும் ஆமாம் என்றுவிட்டாள். அன்றிலிருந்து பிள்ளை அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள், மரியாதையாகப் பேசுகிறாள், பக்கத்தில் மட்டும் உட்காருவதில்லை.

"ஞாயித்துக்கெழமை கூடலூர்லேர்ந்து எங்க அண்ணன் வருது. அதுகூடப் போயிடறேன் சிஸ்டர். அவளுக்கு அவ அம்மா பழைய மூஞ்சியோட திருப்பூர்லயே இருக்கட்டும்."

வெளியே வந்து ராஜுவைப் பிடித்து நான் போட்ட சத்தத்தில், பூட்டாத கதவுகளெல்லாம் திறந்தன. அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். லயத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்மாவோ அப்பாவோ திருப்பூரில்தான். அம்மா எங்கே என்று பிள்ளை கேட்டதும் அதுதான் வாயில் வந்தது. அவளும் ஒரு கேள்வி கேட்கவில்லை. முகம் ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிடும், அப்போது திருப்பூரிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தானாம். வேறு ஊரில் இந்தப் பொய் எடுபட்டிருக்காது. எங்கள் மலையில், அந்த வருடங்களில், அதைவிட நம்பத்தகுந்த பொய் கிடையாது.

அங்கேயே பிள்ளையைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடத்தான் இருந்தேன். விஜயா என் புடவையைப் பிடித்துக்கொண்டதால் வந்துவிட்டேன். அடுத்த நாள் ஞானசுந்தரி சிஸ்டரிடம், பஸ் ஏறிப் போய் நானே சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். அவர் குரல் தாழ்ந்தது.

"ஏனுங்க புஷ்பம், அந்தப் புள்ளைக்கு நீங்களா அம்மாவா இருக்கப் போறீங்க?"

நான் பஸ் ஏறவில்லை.

விஜயாவுக்கு முகத்தில் போடும் இறுக்க உறை அளவு பார்க்க வேண்டியிருந்தது. தழும்பு தடித்து எழாமலிருக்க, கண்ணும் மூக்கும் வாயும் தெரியும்படி இழுத்தால் நீளும் துணியில் தைப்பது. அதற்கு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வரச் சொல்லி, பிள்ளையையும் கூட்டி வரும்படி சிஸ்டர் ஆள் விட்டார். மூன்று பேரும் வந்தார்கள்.

வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். பிள்ளை எனக்கு, அம்மா சிஸ்டருக்கு. நான் சுமதியைக் கட்டுப் போடும் அறைக்குக் கூட்டிப்போய் ஒரு சுருள் பேண்டேஜைக் கொடுத்து என் கையைக் கட்டச் சொன்னேன். முழங்கை வரை கட்டினாள். கட்டிக்கொண்டே கேட்டாள், பெரியம்மாவைத் தொட்டால் நமக்கும் வந்துவிடுமா என்று. இதைத்தான் அந்தப் பிள்ளை இத்தனை நாளும் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்தது. வராது என்றேன். தீயில் தோல் வெந்துவிடும், பிறகு புதுத் தோல் வரும், அது பழைய தோல் மாதிரி இருக்காது, தொட்டால் ஒட்டிக்கொள்ளாது, நான் தினமும் தொடுகிறேன், என் கையைப் பார் என்றேன். கட்டை அவிழ்த்து என் கையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் பக்கத்து அறையில் ஞானசுந்தரி சிஸ்டர் விஜயாவைத் தயார் செய்துகொண்டிருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்பதைவிட எதைச் சொல்லக் கூடாது என்பதைத்தான் அதிகம் சொன்னார் என்று விஜயா பிறகு சொன்னாள். அழுதுகொண்டே சொல்லாதே, பிள்ளை உன்னைத் தேற்ற வேண்டியதாகிவிடும். கட்டிக்கொள்ளக் கை நீட்டாதே. அம்மாவைப் பிடிக்குதா என்று கேட்காதே. அவள் என்ன செய்தாலும் எழுந்து போகாதே.

சுமதியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். ராஜு சுவரோரம் நின்றான். விஜயா நாற்காலியில், முகத்தில் துணி எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, நான் பெரியம்மா இல்ல. நான்தான் உங்கம்மா. அடுப்புல தீப்புடிச்சு மூஞ்சி வெந்துபோச்சு. இத்தனை நாளும் இந்த ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன். திருப்பூருக்குப் போகல."

சுமதி மரியாதையாகவே பதில் சொன்னாள். "எங்கம்மா திருப்பூர்லதான் இருக்காங்க பெரியம்மா."

பிள்ளை கவுனைக் குனிந்து பார்த்தது.

"அப்ப இத யாரு அனுப்புனா?"

"அப்பா மஞ்சூர்ல வாங்குனது" என்றாள் விஜயா.

சுமதி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். அப்புறம் அவள் நடந்து போய் விஜயாவின் முன்னால் நின்று, இரண்டு கையையும் மடக்கி அவள் தொடையில் அடித்தாள். திரும்பத் திரும்ப அடித்தாள். தோல் எடுத்த தொடை. "பொய் சொன்ன, பொய் சொன்ன" என்று கத்தினாள். நான் ஒரு அடி முன்னால் வைத்துவிட்டேன். ராஜு பிள்ளையைத் தூக்க ஓடினான். ஞானசுந்தரி சிஸ்டர் அவன் கையைப் பிடித்தார்.

"விடுங்க. அடிக்கட்டும். பெரியம்மாவா இருந்தா அடிச்சிருப்பாளா?"

விஜயா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. பிள்ளை களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்து அழுதது. அவள் காலடியில்தான் உட்கார்ந்தது, அப்பாவிடம் போகவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்த எனக்கு, அதைவிடப் பெரிய சிகிச்சை எதையும் பார்த்ததாக நினைவில்லை. அதைச் செய்தது எங்கள் வார்டு.

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பஸ்ஸில் பிள்ளை அப்பா மடியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே போனது. வீட்டில் அம்மா கையால் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூடலூர் அண்ணன் ஜீப்போடு வந்து நின்றார். அன்று நடந்ததை ராஜு என்னிடம் சொன்னான். துணிமூட்டை கட்டித் தயாராகத்தான் இருந்ததாம். விஜயா அதை அவிழ்த்து மறுபடி கொடியில் போட்டுவிட்டு அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள்:

"என்னைய அடிச்ச புள்ளைய விட்டுட்டு நான் எங்க வர்றது? நீ சாப்ட்டுட்டு கெளம்பு."

சில வாரம் கழித்து மறுபடி போனேன். இந்தத் தடவை லயத்துக்கு இறங்கும் வளைவிலேயே சத்தம் கேட்டது. ஒரு பிள்ளை அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுகிறது, ஒரு கரகரத்த குரல் அதட்டுகிறது. ராஜுவின் அக்கா வாசலில் நின்று என்னிடம் புலம்பினாள். எவ்வளவு அடக்கமா இருந்த புள்ள சிஸ்டர், இப்ப சொன்ன பேச்சு கேக்குறதே இல்ல, சோறு வச்சா ரொட்டி கேக்குது, ரொட்டி சுட்டா சோறு கேக்குது, நீங்க என்ன பண்ணீங்களோ என்றாள். நல்லதுதான் பண்ணினோம் என்றேன். அவளுக்குப் பிடிக்கவில்லை.

உள்ளே விஜயா, முகத்தில் உறையோடு, சரியாக மடங்காத விரல்களுக்கு நடுவே சீப்பைச் செருகிக்கொண்டு பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சிக்கு எடுக்க முடியாமல் இழுக்கிறாள், பிள்ளை துள்ளுகிறது. அந்த விரல்களை அந்த அளவுக்கு மடக்க எங்கள் வார்டில் நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் சுமதி பாதிப் பின்னலோடு தப்பித்து ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். இந்த முறை பலகையும் போடவில்லை, தேத்தண்ணியும் கொண்டுவரவில்லை.

"எங்கம்மா தலையப் புடுங்குது சிஸ்டர். நீங்க கேளுங்க."

நான் ஏன் கேட்கிறேன்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் விஜயாவின் முழங்கால்களுக்கு நடுவே மறுபடி உட்கார வைத்தேன்.